இல்லாத நாடுகளின் நல்லுறவு உடன்படிக்கைகள்: ஓர் ஒப்பியல் ஆய்வு

முன்னுரை

ஆய்வுக்குத் தகாத பொருள் என்று உலகில் ஒன்றும் இல்லை. முனைவர் பட்டத் தலைப்புகளின் பட்டியலை ஒருமுறை புரட்டியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். அந்தத் துணிவில்தான், மண் இல்லாத, மழை இல்லாத, ரேஷன் கடை கூட இல்லாத நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் நட்பு உடன்படிக்கைகளை இக்கட்டுரை ஆராயப் புகுகிறது. இணையத்தில் நாடு நடத்தும் விளையாட்டுகளில் இவை மலைபோல் குவிந்து கிடக்கின்றன. தமிழாய்வுலகமோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆய்வின் கருதுகோள் எளியது: நாடு எவ்வளவு பொய்யோ, உடன்படிக்கை அவ்வளவு மெய்.

ஆய்வுக் களம்

முதன்மைக் களம் 'நேஷன்ஸ்டேட்ஸ்'. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி, 'ஜெனிஃபர் கவர்ன்மென்ட்' என்ற தம் நாவலுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் இதைத் தொடங்கினார். நாவல் 2003இல் வந்தது. வாங்கியவர்கள் படித்து முடித்துப் பரணில் போட்டும் விட்டார்கள். விளம்பரம் மட்டும் இருபது ஆண்டு கடந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விளையாட வருபவர் ஒரு நாட்டைத் தொடங்கி அதற்குப் பெயர், கொடி, நாணயம், தேசிய விலங்கு, ஒரு முழக்கம் ஆகியவற்றைச் சூட்டுகிறார். அன்றாடம் சில பிரச்சினைகள் அவர் மேசைக்கு வரும். அவர் எடுக்கும் முடிவுகளைப் பார்த்து அவரது ஆட்சிக்கு விளையாட்டே ஒரு பட்டம் கொடுக்கும். நல்ல மனிதர் என்று பெயரெடுத்த எத்தனையோ பேர் இங்கே 'மனநோய்ச் சர்வாதிகாரம்' என்ற பட்டத்தோடு நாடாள்கிறார்கள். மக்கள்தொகை தானாகவே பெருகிப் பல நூறு கோடியைத் தாண்டும். அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

நாடுகள் வட்டாரங்களாகக் கூடி வாழ்கின்றன. தி பசிபிக், அதன் நாற்றிசைப் பெயர் கொண்ட வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குப் பசிபிக்குகள் போன்றவற்றில் புதிய நாடுகள் பிறக்கின்றன. ஒரு வட்டாரத்திலிருந்து துரத்தப்பட்ட நாடு போய் விழும் இடத்துக்கு 'ரிஜெக்டட் ரெல்ம்ஸ்' என்று பெயர். அங்கேயும் ஓர் அரசு நடக்கிறது, அதற்கும் வெளியுறவுக் கொள்கை உண்டு.

இவை அனைத்துக்கும் மேலே ஓர் உலகப் பேரவை இருக்கிறது. தொடக்கத்தில் அதற்கு ஐக்கிய நாடுகள் சபை என்றே பெயர். மெய்யான ஐக்கிய நாடுகள் சபை அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதவே, 2008இல் 'வேர்ல்டு அசெம்பிளி' என்று பெயர் மாறியது. ஐ.நா. எச்சரித்த மாத்திரத்தில் உலகம் கீழ்ப்படிந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் இனி இந்த நிகழ்வை எடுத்துக்காட்டலாம்.

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் முன்னோடி நூல்கள் மூன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசர்க்கான ஆறு வழிகளில் சந்தி எனப்படும் உடன்பாட்டை முதலில் வைக்கிறது. உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் 85 பிரிவுகளில் பேசுகிறது. திருக்குறள் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்களை வரிசையாக ஒதுக்கியிருக்கிறது. நட்புக் கொள்வதைச் சொன்ன கையோடு ஆராயச் சொல்லி, கடைசி இரண்டு அதிகாரங்களில் எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறார் வள்ளுவர். வெளியுறவுத் துறைக்கு இதைவிடச் சுருக்கமான பணிக் கையேடு கிடையாது. மூன்று நூல்களிலும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி பற்றிக் குறிப்பில்லை என்பது ஒரு குறையே.

வகைப்பாடு

நட்பைத் தரம் பிரித்து முத்திரை குத்தும் கலை முற்றிப் பழுத்தது 2006இல் தொடங்கிய 'சைபர் நேஷன்ஸ்' விளையாட்டில். அங்கே நாடுகள் கூட்டணிகளாகச் சேர்ந்து போர் தொடுக்க வழி உண்டு. ஆகவே நட்புக்கும் படிக்கட்டு தேவைப்பட்டது.

கீழ்ப்படியில் இருப்பது நேப் எனப்படும் தாக்காமை ஒப்பந்தம். 'உன்னை அடிக்க மாட்டேன்' என்பதோடு அன்பு முடிந்தது. அடுத்தது பியாட். அமைதி, உளவுத் தகவல், உதவி மூன்றும் இதில் அடங்கும். அதற்கு மேல் ஓ.டி.பி.: நண்பர் தாக்கப்பட்டால் உதவலாம், விரும்பினால். பிறகு எம்.டி.பி.: கட்டாயம் உதவ வேண்டும். உச்சியில் எம்.ஏ.டி.பி.: நண்பர் யாரையாவது அடிக்கப் போனாலும் கூடவே போக வேண்டும்.

இதில் சிக்கல் எங்கே என்றால், நண்பருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், அவர் ஜாமீன் போட்ட மூன்றாம் ஆளின் கடனுக்கும் வீட்டை விற்பதைப்போல, ஒரு கூட்டணி தனக்குப் பெயர்கூடத் தெரியாத சண்டையில் போய் நிற்கும். இதைத் தடுக்கவே 'நான்-செயினிங்' என்ற பிரிவு வந்தது. நண்பர் தாமே வலியப் போய்ச் சண்டையில் மாட்டிக்கொண்டால் நமக்குக் கட்டாயம் இல்லை என்பது அதன் சாரம். உடன்படிக்கைகளைக் கோடுகளாகப் போட்டு வரைந்த படங்களைப் பார்த்தால் சிலந்திக்கே தலை சுற்றும். போர் மூண்டதும் ஒவ்வொரு கூட்டணியும் முதலில் செய்யும் வேலை, தான் எந்தப் பக்கம் என்று அந்தப் படத்தில் தேடுவதுதான்.

பேச்சுவார்த்தையின் படிநிலைகள்

நேஷன்ஸ்டேட்ஸில் ஒரு நாடு இன்னொன்றின்மீது போர் தொடுக்கப் பொத்தானே கிடையாது. ஆயினும் தற்காப்பு உடன்படிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. இந்த முரண்பாடே நம் ஆய்வின் உயிர்நாடி.

முதற்படி தூதரகம். ஒரு வட்டாரம் வேண்டுகோள் அனுப்ப, மற்றது ஏற்றுக்கொண்டால் கட்டுமானம் தொடங்குகிறது. செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை, மேஸ்திரி முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவதும் இல்லை. ஆனாலும் கட்டி முடிய நாள் ஆகும். நட்புக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்று கருதிய அந்த மென்பொருளாளரை வள்ளுவர் வழிவந்தவர் என்றே கொள்ளலாம்.

இரண்டாம் படி வரைவு. முகவுரையில் இரு தரப்பின் இறையாண்மை, நெடுநாள் நல்லுறவு, பண்பாட்டுப் பிணைப்பு ஆகியவை போற்றப்படும். அந்த நெடுநாள் என்பது போன மாதத்திலிருந்து கணக்கு. அடுத்து, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதில்லை என்ற பிரிவு வரும். இப்படி ஒரு பிரிவை எழுத நேர்ந்ததே இருவரும் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று. கூட்டு விழா நடத்தும் பிரிவு, தகவல் பகிரும் பிரிவு, விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற பிரிவு ஆகியவை தொடரும்.

மிக நுட்பமான பிரிவு, எதிர்த்தரப்பின் முறையான அரசை மட்டுமே ஏற்பது என்பதாகும். இதற்குக் காரணம் உண்டு. ஒரு வட்டாரத்தில் உலகப் பேரவை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஆதரவு தெரிவிக்கலாம். அதிக ஆதரவு பெற்ற நாடு வட்டாரப் பிரதிநிதி ஆகும். பிரதிநிதிக்கு ஆட்களை வெளியேற்றும் அதிகாரமும் கிடைத்துவிட்டால், நேற்று வரை தேர்தல் நடத்தியவர் இன்று காலை சர்வாதிகாரி ஆகலாம். தி பசிபிக் வட்டாரத்தில் 2003இல் ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் 'நியூ பசிபிக் ஆர்டர்' என்ற அமைப்பை நிறுவினார்கள். பின்னர் அதே பெயர் சைபர் நேஷன்ஸிலும் வேரூன்றி அங்கே ஒரு பெருங்கூட்டணி ஆயிற்று. இப்படிப் புரட்சி நடந்த வட்டாரத்துக்கு இரண்டு அரசுகள் இருக்கும்: நாற்காலியில் இருப்பது ஒன்று, அரசியல் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பது இன்னொன்று. நட்பு யாரோடு என்று முன்கூட்டியே எழுதி வைப்பது விவேகம்.

பேச்சுவார்த்தையின் போக்கைக் காட்ட ஒரு மாதிரி உரையாடல் கீழே தரப்படுகிறது. இது இத்துறையின் பொது நடைக்கு ஏற்பப் புனைந்தது. நேரம், ஒருவருக்கு நள்ளிரவு, மற்றவருக்கு மாலை.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம். நான்காம் பிரிவில், தாக்கப்பட்டால் உதவிக்கு வருவோம் என்பதற்கு முன்னால் 'இயன்ற அளவு' என்று சேர்க்க வேண்டும் என எங்கள் பேரவை கருதுகிறது."

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இயன்ற அளவு என்றால் எவ்வளவு?"

"வரையறைப் பிரிவில் அதைச் சொல்லிவிடலாம்."

"வரைவில் வரையறைப் பிரிவே இல்லையே."

"அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்கிறோம்."

"நல்லது. நாளை தொடர்வோம். எனக்குக் காலையில் கணக்குப் பரீட்சை."

"என்ன பாடம்?"

"இன்டக்ரேஷன்."

"அட, அதை முதலில் சொல்லக் கூடாதா? எது வரவில்லையோ போட்டோ எடுத்து அனுப்பு. சொல்லித் தருகிறேன்."

'மாண்புமிகு' எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவுரையில் இது தேவைப்படும்.

மூன்றாம் படி ஒப்புதல். தெற்குப் பசிபிக்கில் அசெம்பிளி, யூரோப்பியாவில் செனட் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் அவைகள் உண்டு. அவையில் ஒருவர் எழுந்து காற்புள்ளி தவறு என்பார். வரைவு திரும்பிப் போகும். கடைசியில் கையெழுத்து. உடன்படிக்கையைவிடக் கையெழுத்துப் பகுதி நீளமாக இருப்பது மரபு. ஒவ்வொருவரும் தம் இந்நாள் பதவி, முன்னாள் பதவிகள், பெற்ற விருதுகள், நாட்டின் முழுப்பெயர் அனைத்தையும் ஏற்றினால்தான் தேர் நகரும்.

செயலாக்கம்

எழுதியது நடக்குமா என்றால், நடக்கிறது. நேஷன்ஸ்டேட்ஸில் நாளுக்கு இருமுறை, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவிலும் நண்பகலிலும், 'அப்டேட்' தொடங்கும். பிரதிநிதி யார் என்று விளையாட்டு கணக்குப் பார்ப்பது அப்போதுதான். அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால் கொள்ளைக் குழுவினர் திபுதிபுவென்று ஒரு வட்டாரத்துக்குள் புகுந்து தங்கள் ஆளுக்கு ஆதரவு போட்டால், கொடி மாறிவிடும், தூதரகங்கள் மூடப்படும். இதைத் தொழிலாகச் செய்யும் குழுக்களும் இருக்கின்றன, தடுப்பதைத் தொண்டாகச் செய்யும் குழுக்களும் இருக்கின்றன.

ஆகவே நட்பு வட்டாரத்துக்குப் படை அனுப்புவது என்றால் என்ன? உலகப் பேரவையில் ஒருவருக்கு ஒரு நாடுதான் அனுமதி. எனவே தம் பெரிய நாட்டைப் பேரவையிலிருந்து விலக்கி, ஒரு சின்ன நாட்டைச் சேர்த்து, அதை நண்பர் வட்டாரத்துக்கு நகர்த்தி, உரிய நேரத்தில் ஆதரவுப் பொத்தானை அழுத்த வேண்டும். இந்தியாவில் இருப்பவருக்கு அந்த நள்ளிரவு அப்டேட் காலை ஒன்பதரை பத்தரைக்கு, அலுவலகத்தில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் நேரத்தில் வரும். வல்லரசுகளின் தற்காப்பு வாக்குறுதி கடைசியில் யாரோ ஒருவர் கைபேசியோடு மாடிப்படியில் ஒதுங்குவதில் நிறைவேறுகிறது.

முறிவு

உடன்படிக்கைகள் துரோகத்தால் முறிவதாகப் பொதுமக்கள் நம்புகிறார்கள். அது சினிமா. உண்மையில் ஆள் வராமல் போவதே காரணம். 28 நாள் உள்ளே வராத நாட்டை நேஷன்ஸ்டேட்ஸ் கலைத்துவிடும். விடுப்பு எழுதி வைத்தால் 60 நாள் பொறுக்கும். அமைச்சர்களின் ராஜினாமாக் கடிதங்களில் எப்போதும் வரும் காரணம் 'ஆர்.எல்.', அதாவது ரியல் லைஃப். பரீட்சை, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் இந்த இரண்டு எழுத்தில் அடக்கம். போரில் அழியாத கூட்டணிகளை செமஸ்டர் அழித்திருக்கிறது.

மெய்யுலகம் இதில் மேம்பட்டது என்று எண்ண வேண்டாம். இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1971 ஆகஸ்ட் 9 அன்று நட்பு உடன்படிக்கை செய்துகொண்டன. வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும் கையெழுத்திட்டார்கள். அதன் ஒன்பதாம் பிரிவு, ஒரு தரப்பு தாக்கப்பட்டால் இரு தரப்பும் உடனடியாகக் கலந்தாலோசிக்கும் என்கிறது. படையோடு வந்து நிற்போம் என்று வெளிப்படையாக எழுதவில்லை. மேலே கண்ட அமைச்சரின் 'இயன்ற அளவு' எவ்வளவு முதிர்ந்த ராஜதந்திரம் என்பது இப்போது புரியும். உடன்படிக்கைக்கு விதித்த இருபது ஆண்டு 1991 ஆகஸ்டில் நிறைந்தது. அதே டிசம்பரில் கையெழுத்திட்ட தரப்புகளில் ஒன்று இல்லாமலே போயிற்று.

எதிர்ச்சான்றும் உண்டு. இங்கிலாந்தும் போர்த்துக்கலும் 1373இல் செய்துகொண்ட உடன்படிக்கையை 1943இல் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்டி, அசோர்ஸ் தீவுகளில் தளம் பெற்றதை அறிவித்தார். 570 ஆண்டு கழித்தும் ஒருவர் நினைவு வைத்துக் கேட்டார், மற்றவர் கொடுத்தார். இடையில் இருவரும் பேச்சை முழுக்க விட்டுவிடாததே காரணம்.

முடிவும் பரிந்துரைகளும்

ஆய்வு கண்ட முடிவு கருதுகோளைச் சற்றுத் திருத்துகிறது. நட்பு உடன்படிக்கை இரு வட்டாரங்களை நட்பாக்குவதில்லை. வட்டார மக்களில் பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. ஆனால் நான்காம் பிரிவுக்காக வாரக்கணக்கில் மல்லுக்கு நின்ற அந்த இருவரும் நண்பர்கள் ஆகிவிடுகிறார்கள். பிறகு வட்டாரத்துக்கு ஆபத்து என்றால் பொத்தானை அழுத்த ஓடிவருபவர்களும் அவர்களே. ஓடிவந்தது உடன்படிக்கைக்காக அன்று, கணக்குப் பாடம் சொல்லித் தந்தவருக்காக.

இதிலிருந்து மூன்று பரிந்துரைகள். ஒன்று, வரைவில் சர்ச்சைக்குரிய பிரிவு ஒன்றேனும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளும் அமைச்சரால் யாரோடும் நட்பு வளராது. இரண்டு, பரீட்சை முடிந்ததா என்று விசாரிப்பதை வெளியுறவு அமைச்சின் கடமைகளில் எழுத்துபூர்வமாகச் சேர்க்க வேண்டும். மூன்று, கையெழுத்தை முடிந்தவரை ஒத்திப்போடுங்கள். கையெழுத்தானதும் ஆவணம் காப்பகத்துக்குப் போய்விடும், அமைச்சர்கள் அடுத்த வட்டாரத்தைத் தேடிப் போய்விடுவார்கள். பேசி முடியாத உடன்படிக்கையே நீடித்த உடன்படிக்கை.