பிணத்திடம் வாக்குமூலம்

ஜெர்மன் போலீசைச் சோம்பேறிகள் என்று எவரும் பழிக்க முடியாது. 2000 செப்டம்பரில், நியூரம்பெர்க் நகரச் சாலையோரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த என்வர் ஷிம்ஷெக்கைச் சுட்டுச் சாய்த்தார்கள். துருக்கியிலிருந்து வந்து, ஆலையில் உழைத்து, பூ வியாபாரத்தில் தலையெடுத்தவர். கொள்முதலுக்கு ஹாலந்து போய்வருவார். போதாதா? துருக்கிக்காரன் ஹாலந்துக்குப் பூ வாங்கவா போவான்! கடத்தியது போதைப்பொருளாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினார்கள். துப்புக் கிடைக்காதபோது, விதவையிடம் ஒரு பொன்னிறக் கூந்தல்காரியின் படத்தை நீட்டி, உன் புருஷனுக்கு இவளோடு இரண்டு பிள்ளைகள் என்றார்கள். கட்டுக்கதைதான். ஆனால் துக்க வீட்டுக்காரியின் தாலியையும் சேர்த்து அறுத்துப் பார்த்தால் உண்மை உதிரும் என்பது அவர்களது விசாரணை நுட்பம்.

அதே செக் நாட்டுத் துப்பாக்கி 2006 வரை ஊர் ஊராகப் போய் மொத்தம் ஒன்பது பேரைத் தின்றது. எட்டுப் பேர் துருக்கி வழியினர், ஒருவர் கிரேக்கர். தையல்காரர், காய்கறிக் கடைக்காரர், பூட்டுச்சாவிக் கடைக்காரர் என்று எல்லோரும் கைத்தொழிலும் கடையுமாக வாழ்ந்தவர்கள். பத்திரிகைகள் இவற்றுக்கு ‘கெபாப் கொலைகள்’ என்று பெயர் சூட்டின. கெபாப் கடையில் செத்தவர்கள் என்னவோ இரண்டே பேர்.

கொலைகாரன் துருக்கி மாஃபியாதான் என்று தீர்மானித்த பவேரியப் போலீஸ், தானே ஒரு கெபாப் கடையைத் திறந்தது. சரக்குப் போட்டவர்களுக்கு வேண்டுமென்றே பாக்கி வைத்தது. கடனை வசூலிக்கக் கூலிப்படை வரும், அமுக்கிவிடலாம் என்று திட்டம். பசித்தவர்களைத் தவிர யாரும் வரவில்லை.

ஹாம்பர்க் போலீஸ் ஒரு படி மேலே போனது. ஆவிகளோடு பேசும் ஈரானியர் ஒருவரைப் பிடித்து, செத்துப்போன காய்கறிக் கடைக்காரரிடமே விவரம் கேட்டது. நம்மூரில் காணாமல்போன மூக்குத்திக்கு வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தால் மூடநம்பிக்கை. பென்ஸ் கார் செய்கிற நாடு செய்தால் புலனாய்வு! வெளிநாட்டாரை வெறுக்கிறவர்களின் வேலை இது என்று குடும்பத்தார் உயிரோடு எதிரே நின்று சொன்னார்கள். அந்தச் சாட்சிகளுக்குச் செவிடாயிருந்த காது, ஆவிக்குத் திறந்துகொண்டது.

இதெல்லாம் கோமாளித்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். 2007இல் பேடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலப் போலீஸ் தயாரித்த ஆய்வறிக்கைக்குச் சிரிக்க முடியவில்லை. மனிதரைக் கொல்வது நமது பண்பாட்டில் பெரும் விலக்கு, ஆகவே கொலையாளி இங்குள்ள நெறிகளுக்கு வெகுதொலைவில் நிற்பவன் என்று அது துப்பறிந்தது. அவுஷ்விட்ஸுக்கு ரயில் அட்டவணை போட்ட நாட்டில், அரசுச் சம்பளம் வாங்குகிற ஆள், கை நடுங்காமல் எழுதிய வாக்கியம் இது. மேலதிகாரி எவரும் காறித் துப்பிக் கிழித்துப்போடவில்லை. கோப்பில் சேர்த்தார்கள்.

கொலோன் நகரின் துருக்கியர் கடைத்தெருவில் 2004 ஜூனில் ஆணிகள் திணித்த குண்டு வெடித்து 22 பேர் காயமடைந்தார்கள். உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷிலிக்கு ஒரே நாளில் ஞானம் பிறந்தது: பயங்கரவாதமாகத் தெரியவில்லை, குற்றக் கும்பல் விவகாரம். அப்புறம் என்ன, ஆணி தைத்த கடைக்காரர்களையே குடைந்தார்கள்.

பாதுகாக்கச் சட்டம் இல்லையா என்றால், குறைவில்லாமல் இருக்கிறது. மனித மாண்பில் யாரும் கைவைக்கக் கூடாது என்றுதான் 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டமே தொடங்குகிறது. 2006 ஏப்ரலில் இரண்டே நாள் இடைவெளியில் அந்த ஒன்பது பேரில் கடைசி இருவரைச் சுட்டார்கள். அந்த ஆகஸ்டில் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. இனம் பார்த்து வேலை மறுத்தால், வீடு மறுத்தால் வழக்குப் போடலாம். இனம் பார்த்துப் போலீஸ் குற்றவாளியாக்கினால்? அந்தச் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. குடக்கூலி வாங்குகிறவனுக்குத்தான் சட்டம். துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அல்ல.

அந்த ஏப்ரலில் செத்தவர்களில் ஒருவர் காசெல் நகரில் இணைய மையம் நடத்திய 21 வயது இளைஞர். அவர் சுடப்பட்ட வேளையை ஒட்டி ஹெஸ்ஸன் மாநில உளவுத்துறை அதிகாரி ஒருவர் அங்கே கணினி முன் உட்கார்ந்திருந்தார். வெடிச்சத்தம் கேட்கவில்லையாம். போகும்போது மேசைமேல் காசை வைத்தாராம். மேசைக்குப் பின்னால் கிடந்தவரைப் பார்க்கவில்லையாம். அந்த உளவுத்துறை தன் கோப்புகளைத் தானே துழாவி எழுதிய அறிக்கைக்கு 120 ஆண்டு ரகசிய முத்திரை குத்தப்பட்டது. கூச்சல் கிளம்பியதும் 30 ஆகக் குறைத்தார்கள். பேரம் படிந்தது.

2011 நவம்பரில் உண்மை தானாக வந்து விழுந்தது. கொலைகளைச் செய்ததும் கொலோனில் குண்டு வைத்ததும் யேனா நகரில் வளர்ந்த அசல் ஜெர்மானிய நாஜிகள். அவர்கள் உருவான தூரிங்கியா குழுவின் தலைவனோ மாநில உளவுத்துறையின் ஒற்றன். சுமார் 2 லட்சம் மார்க் கூலி வாங்கியவன். விஷயம் வெளிவந்த சூட்டோடு கொலோனில் உள்ள அரசியல் சாசனப் பாதுகாப்பு அலுவலகம் என்ற மத்திய உளவுத்துறையில் ஒற்றர் கோப்புகள் எந்திரத்தில் அரைபட்டன. நாள் நவம்பர் 11, அந்த ஊரில் திருவிழாக் காலம் தொடங்குகிற நாள். வண்ணக் காகிதத் துகளுக்குப் பஞ்சமிருந்திருக்காது.

2012இல் அன்றைய சான்சலர் மெர்க்கல் மன்னிப்புக் கேட்டார். 2018 ஜூலையில் முனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடு எஞ்சியிருந்த முதல் குற்றவாளிக்கு ஆயுள். கூட்டாளி ஒருவன் அன்றே விடுதலையாக, பார்வையாளர் வரிசையில் நாஜிகள் கைதட்டினார்கள். அடுத்த மாதம், பூக்கடைக்காரர் குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞருக்கு ஒரு தொலைநகல் வந்தது. அவருடைய சின்ன மகளைக் கொல்வோம் என்று பெயரோடும் வீட்டு விலாசத்தோடும் எழுதியிருந்தது. வெளியில் கிடைக்காத விலாசம் அது. பிராங்பர்ட் காவல் நிலையக் கணினி ஒன்றில் சற்று முன்புதான் அதைத் தேடி எடுத்திருந்தார்கள். மிரட்டல்களை எழுதியதாக 2022இல் பெர்லின்காரன் ஒருவன் தண்டனை பெற்றான். கணினியைத் தட்டிய விரல் யாருடையது? அந்த நேரத்தில் பணியிலிருந்தவர்கள் சில போலீசார் மட்டுமே. கண்டுபிடிக்க முடியவில்லையாம்.