மதலைப்பள்ளியில் இரண்டு முட்டை

பால்கனி யாருக்குச் சொந்தம் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். பத்திரம் என் பெயரில் இருக்கிறது. மாதாமாதம் வங்கிக்குத் தவணை கட்டுவதும் நான்தான். இவை வலுவான சான்றுகள். ஆனால் எட்டு வாரமாக என் வீட்டுப் பால்கனிக் கதவைத் திறக்க முடியாமல் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நிற்கிறேன் என்பதும் சான்றுதான். வீடு வாங்கும்போது முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தோம். அதில் புறாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆய்வுக்களம், சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடி. பால்கனி நாலடிக்கு ஒன்பதடி. பில்டரின் கணக்கில் அது இன்னும் பெரியது. அது தனி ஆய்வுக்குரியது. உள்ளே ஏசியின் அவுட்டோர் யூனிட், துளசித் தொட்டி, இரண்டு துணிக்கொடி, கைப்பிடி உடைந்த நீல வாளி, வாளிக்குள் செருகிய தென்னந்துடைப்பம். ஆய்வுக் கருவிகள்: ஜன்னலோரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, கிழிக்கும் காலண்டர், என் மூக்குக்கண்ணாடி. ஆராயப்பட்டது ஒரே ஒரு ஜோடி மாடப்புறா. ஒரு ஜோடியை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைப் புறாக்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், நான் பார்த்தது ஒரே ஜோடியைத்தான் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இத்துறையில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் டார்வின். அவர் வீட்டில் புறா வளர்த்தார். லண்டனில் இரண்டு புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்தார். 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அதிகாரத்திலேயே புறா நீளமாக வருகிறது. அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் படியைப் படித்துப் பார்த்த விட்வெல் எல்வின் என்ற பத்திரிகை ஆசிரியர், மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் என்ன, புறா என்றால் எல்லோரும் படிப்பார்களே என்று யோசனை சொன்னார். டார்வின் கேட்கவில்லை. அவர் விட்ட குறையைத் தீர்ப்பதே என் நோக்கம்.

முதலில் சொல்லாராய்ச்சி. மாடத்தில் வாழ்வதால் அது மாடப்புறா. மாடமனிதன் என்று எந்த நிகண்டிலும் ஒரு சொல் இல்லை. இந்த வழக்கில் எதிர்த்தரப்பு இதற்கு மேல் வாதாடவே கூடாது, ஆயினும் தொடர்வோம். பால்கனி என்ற சொல் ஆங்கிலத்துக்கு இத்தாலியிலிருந்து வந்தது. அதன் வேர், பழைய ஜெர்மானிய மொழிகளில் உத்தரத்தைக் குறித்த சொல். பால்கனி, அதன் பிறப்பில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டை.

இனி நெடுநல்வாடைக்கு வருவோம். நக்கீரர் 188 அடிகளில் ஒரு குளிர்கால ஊரைக் காட்டுகிறார். அதில் வீட்டில் வாழும் புறா வருகிறது. செந்நிறக் காலுடைய சேவல், தன் பெடையோடு தெருவில் இரை தேடப் போகாமல், இரவா பகலா என்று தெரியாமல், கூரை தாங்கும் கட்டையில் இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துக்குப் புலவர் தரும் பெயர் மதலைப்பள்ளி. மதலை என்றால் தாங்கும் தூண், கட்டை. மதலை என்றால் குழந்தையும்தான். கட்டையில் குழந்தை உறங்கும் இடம் என்று நான் பொருள் கொள்கிறேன். இலக்கணம் இடம் தருமோ தராதோ, அவுட்டோர் யூனிட்டின் பின்புறம் இடம் தந்தது.

அஃதேல், மனிதரும் அன்று அதே வீட்டில்தானே இருந்தனர் எனின், இருந்தனர். ஆனால் கட்டைக்குக் கீழே இருந்தனர்.

இதற்கெல்லாம் முன்னால் பாறை இருந்தது. கொலம்பா லிவியா என்று விலங்கியலார் அழைக்கும் இப்பறவையின் காட்டு மூதாதைகள் செங்குத்துப் பாறைகளின் விளிம்புகளிலும் குகைகளிலும் முட்டையிட்டவை. அவற்றுக்கு மரக்கிளை பழக்கமில்லை. மேலே மறைப்பு, கீழே ஆழம், முன்னால் வெளி, கால் வைக்க ஒரு மேடை, இவ்வளவுதான் வேண்டும். நாம் செங்கல்லும் சிமென்டும் கொண்டு நாலு மாடி எழுப்பி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு விளிம்பை நீட்டிவிட்டு, புறா வந்துவிட்டதே என்று வியக்கிறோம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையில், நாம் எந்தப் பிடாரி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கூட்டின் கட்டடக்கலையைப் பற்றிப் புகழ்ந்து எழுத என்னால் ஆகாது. தூக்கணாங்குருவி புல்லைக் கிழித்துப் பின்னுகிறது. தையல்சிட்டு இலையைத் தைக்கிறது. எங்கள் ஜோடி நாலு நாளில் கட்டி முடித்த மாளிகையில் இருந்தவை: வேப்பங்குச்சி 12, ஈர்க்குச்சி 7, கட்டுக்கம்பித் துண்டு 2, பச்சை ஸ்ட்ரா 1, துணி கிளிப்பில் பாதி 1. ஆக 23. ஈர்க்குச்சி ஏழும் எங்கள் துடைப்பத்திலிருந்து உருவியவை, கிளிப்பும் எங்களுடையதே. சேவல் தடவைக்கு ஒரு குச்சிதான் கொண்டுவரும். பெடை எழுந்திருக்காது. உட்கார்ந்தபடியே வாங்கி வயிற்றுக்கடியில் செருகிக்கொள்ளும். சமயத்தில் சேவல் அதன் முதுகிலேயே ஏறி நின்று குச்சியை நீட்டும். குஞ்சு வந்தபின் அதன் எச்சத்தை இவை அகற்றுவதில்லை. அது குச்சிகளின் மேல் விழுந்து, இறுகி, கூடு சட்டிபோல் ஆகிவிடுகிறது. குடிபோன பிறகு நாளுக்கு நாள் கட்டடம் உறுதிப்படுவது புறாவுக்கு மட்டும்தான். எங்கள் குடியிருப்பில் நேர்மாறு.

(இந்த இடத்தில் மட்டும் விளையாட்டில்லை. காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கக் கூடாது. தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் கழுவ வேண்டும். வீசிங் உள்ளவர்கள் கிட்டவே போகாமல் இருப்பது நல்லது.)

முட்டை இரண்டு. முதலாவது ஒரு மாலையில், அடுத்தது ஒருநாள் விட்டு. இரண்டாவது வந்த பிறகே அடைகாத்தல் முழு மூச்சாக நடக்கிறது. பதினேழு, பதினெட்டு நாள். இதில் நான் கண்ட, பறவையியலார் எனக்கு முன்பே கண்டுவிட்ட, செய்தி ஒன்றுண்டு. காலை பத்து மணி வாக்கில் சேவல் வந்து உட்காருகிறது. மாலை நாலு, நாலரைக்கு எழுந்து போகிறது. மிச்ச நேரமெல்லாம், இரவு உட்பட, பெடை. சேவல் பார்ப்பது அலுவலக நேரம். பெடை பார்ப்பது மற்ற எல்லா நேரமும். இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. இந்தத் தரவை மேலும் விளக்காமல் விடுகிறேன்.

அடைகாத்தல் புறாவோடு நின்றதா என்றால், நிற்கவில்லை. பங்குனி வெயில் தொடங்கியது. ஏசி ரிமோட்டைக் கையிலெடுத்தேன். "என்னங்க, அது சூட்டுல முட்டை வெந்துடாதா?" என்றாள் மனைவி. ஆரம்பத்தில் கம்போடு துரத்தியவள் இவள். முட்டைக்குத் தேவை ஏறக்குறைய உடம்புச் சூடு. அன்று எங்கள் படுக்கையறையில் கிட்டத்தட்ட அதுவே இருந்தது. ஆகவே பதினெட்டு நாள் அங்கே இரண்டு முட்டையும் இங்கே மூன்று பெரியவர்களும் ஒரே பதத்தில் அடைகாக்கப்பட்டோம். மூன்றாமவர் என் அம்மா. "புறா அடைஞ்ச வீடு விளங்காதுடா" என்பது அவர் கொள்கை. எதிர்வீட்டு அம்மாள், புறா வந்தால் லட்சுமி வந்த மாதிரி என்ற மாற்றுக் கொள்கையர். இரு மரபினரும் தனித்தனியே நொய்யரிசி வைத்ததை ஒரே நாளில் பதிவு செய்தேன்.

குஞ்சு அழகில்லை. மஞ்சள் மயிர் அங்கங்கே ஒட்டிய, மூக்கு பெருத்த, கண் திறக்காத உருவம். புறாக் குஞ்சை யாருமே பார்த்ததில்லையே என்று நகரத்தார் கேட்பதுண்டு. ஏறக்குறையத் தாயளவு வளர்ந்த பின்பே அது கூட்டைவிட்டு வெளியே வருகிறது, அதுவரை ஒளிந்திருக்கிறது. முதல் சில நாள் உணவு பால். பறவைக்குப் பாலா எனின், ஆம். பெற்றோரின் தொண்டைப்பையின் உட்சுவரிலிருந்து தயிர்க்கட்டி போன்ற ஒன்று ஊறுகிறது. அதைத் தாயும் கொடுக்கிறது, தகப்பனும் கொடுக்கிறது. சேவலைப் பற்றி மேலே எழுதியதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

இனி மறுதரப்பு. எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி மூன்று வழி சொன்னார். பளபளக்கும் சிடி தொங்கவிடுவது முதல் வழி. வீட்டில் இருந்தது கந்த சஷ்டி கவசம் சிடி ஒன்றுதான், தொங்கவிட்டோம். கவசம் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது, யாருக்கு என்பதை மட்டும் நாங்கள் முன்கூட்டி யோசிக்கவில்லை. பிடித்துக்கொண்டுபோய்த் தாம்பரத்தில் விடுவது அடுத்த வழி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டரிலிருந்து கூட்டுக்குத் திரும்புவதற்கென்றே இதே இனத்தைப் பழக்கி மனிதர் பந்தயம் விடுகிறார்கள். வடசென்னையில் கேட்டால் சொல்வார்கள். பந்தயப் புறா மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகம் போகும். கத்திப்பாராவில் என் ஸ்கூட்டர் என்ன வேகம் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வழி தள்ளுபடி.

இந்த இடத்தில் சிபியை இழுக்காமல் இருக்க முடியாது. ஒரு புறாவுக்காகத் தன்னையே தராசில் வைத்தவன். சோழர் குலத்து முன்னோன் என்பது மரபு. புறநானூற்றில் 37, 39, 43ஆம் பாடல்கள் அதை மறக்காமல் சொல்கின்றன. புறா முந்நூறு கிராம் இருக்கும். சிபி கொடுத்தது ஒரு தடவை. நான் கொடுத்திருப்பது மாம்பலத்தில் முப்பத்தாறு சதுர அடி, அதுவும் காலவரம்பில்லாமல். வழிகாட்டி மதிப்பை வைத்து யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். என்னைப் பற்றி ஒரு பாட்டும் வரவில்லை.

மூன்றாவது வழி வலை. வலைக்காரரைக் கூப்பிட்டோம். டேப் பிடித்து அளந்தார், சதுர அடிக்கு விலை சொன்னார், பிறகு யூனிட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"குஞ்சு இருக்கு சார். பறந்தப்புறம் கூப்பிடுங்க. குஞ்சு இருக்கற வீட்ல நாங்க கட்டறதில்ல."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதப் புறாவத்தான் சார் கேக்கணும்."

இத்தனை நூல்களைப் புரட்டியும் எனக்குக் கிடைக்காத தீர்ப்பு அது. வந்துபோனதற்கு அவர் காசும் வாங்கவில்லை.

குஞ்சுகளுக்கு ஒரு மாதம் நிறையப் போகிறது. இரண்டும் இறக்கையை அடித்துப் பார்க்கின்றன. ஒன்று நேற்று கொடிக்கம்பி வரை எழும்பி விழுந்தது. இன்றோ நாளையோ பறந்துவிடும் என்று நம்பி, இன்று காலை வலைக்காரருக்குப் போன் செய்ய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். முதல் ஈடு பறக்குமுன்பே இவை அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும் என்று படித்திருந்தும் நம் வீட்டில் அப்படி நடக்காது என்று ஒரு நினைப்பு. மனைவி ஜன்னலருகே போய்விட்டு வந்தாள். நீல வாளிக்குள், துடைப்பத்தின் அடியில், ஒரு முட்டை.

வேறு வாளி வாங்கியாயிற்று, 180 ரூபாய். துடைப்பம் தனி.