தண்டல்காரன் ராத்திரிதான் வருவான்

என்னா தெனாவெட்டுடா மாப்ள! தோள்ல நாலு ஓட்டை போட்டு, அறுந்த தசைநாரை இழுத்துத் தைச்சு அனுப்பியிருக்காங்க. நீ கால் மேல கால் போட்டுகினு "வலியே இல்ல மாமா, மாத்திரை எதுக்கு"ன்ற. மாதவரம் லாரி ஸ்டாண்டுல மூட்டை தூக்குன உடம்புன்னு நெனப்பு. எங்க, அந்தக் கையைத் தூக்கு பாப்போம். வரல இல்ல? உன் வீரம் இல்லடா அது, ஊசி மருந்து.

தோளை அறுக்க ஏன் கழுத்துல குத்துனாங்கன்னு கேட்டியா? போன வருஷம் என் தோளுக்கும் இதே கூத்துதான். மயக்க டாக்டரம்மாவைத் தொணதொணன்னு கேட்டேன், பாவம், சொல்லிட்டுதான் தப்பிச்சாங்க. தோளுக்குப் போற நரம்பு கழுத்தோரம் ரெண்டு தசைக்கு நடுவுல கொத்தா இறங்குதாம், மூலக்கடை ஜங்ஷன் மாதிரி. அங்க போலீஸ்காரர் ஒரு கையைக் காட்டினா நாலு ரோடும் நிக்குது பாரு, அந்தக் கதை. 1970ல வின்னின்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதிவெச்ச வழி. இப்ப ஸ்கேன்ல நரம்பைப் பாத்துகினே ஊசியை விடுறாங்க. அதுக்கும் முன்ன, 1911ல, கூலன்காம்ஃப்னு ஒரு ஜெர்மன் டாக்டர் காரை எலும்புக்கு மேல தனக்கே குத்திப் பாத்தாராம். நீ ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிகினதை உன் பொஞ்சாதி சொல்லிட்டா.

அந்த ஜங்ஷனை ஒட்டியே மூச்சுத் தசைக்குப் போற நரம்பும் போகுது. மருந்து அங்கயும் கசிஞ்சா ஒரு பக்கத்துத் தசை கொஞ்ச நேரம் தூங்கிடும். நல்ல நுரையீரல் சமாளிச்சுக்கும். உன்து? "பீடியா? அந்த வாசனையே ஆகாது"ன்னியாமே டாக்டரம்மாகிட்ட! நீ ஊதற பொகையில ரெட்டேரி கொக்கெல்லாம் இருமுது. உள்ளதைச் சொல்லியிருந்தா மருந்தைக் குறைச்சிருப்பாங்க, இல்ல தோள்பட்டைக்குப் பின்னால இருக்கற நரம்புல மட்டும் போட்டிருப்பாங்க. இப்ப மல்லாக்கப் படுக்காத, சாஞ்சு உக்காரு. இமை தொங்குது, குரல் கரகரங்குதேன்னு பயப்படாத, மருந்து இறங்கினா சரியாவும். மூச்சு நெசமா முட்டினா என்னைக் கூப்டாத, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

காலையில பத்து மணிக்குக் குத்துனது. 12 மணி நேரம் ஓடும், சிலருக்குக் கூடவும் ஓடும். அப்புறம் இருக்குடி உனக்கு. கதவு பூட்டியிருந்தா தண்டல்காரன் திரும்பிப் போயிடுவானா? திண்ணையில குந்திகினு இருப்பான். திறந்த நிமிஷமே வட்டியோட கேப்பான். நானும் உன்ன மாதிரிதான், மாத்திரையைத் தலகாணிக்குக் கீழ சொருவிட்டுப் படுத்தேன். ராத்திரி ஒண்ணரைக்கு நான் போட்ட கூச்சல்ல, கறவைக்கு நேரமாச்சுன்னு தெருவுல இருந்த மாடெல்லாம் எழுந்து நின்னுச்சாம். உங்க அத்தை இன்னும் அதைச் சொல்லித்தான் கல்யாண வீட்ல பேரு வாங்குறா.

விரல் நுனி சுருசுருன்னா மருந்து இறங்குதுன்னு அர்த்தம். அதுவரைக்கும்கூட காத்திருக்காத. அவங்க எழுதிக்குடுத்ததை, எழுதின வேளைக்கு, சாப்டுட்டுப் போடு. மரத்த கைக்குச் சூடும் தெரியாது, டீ டம்ளரை அந்தப் பக்கம் வெக்காத. நாளைக்கு முழுசா போயும் கை மரத்தே கெடந்தா டாக்டருக்குப் போன் போடு. தூளியைக் கழட்டி யாருக்கும் கை கொடுத்துக் காட்டாத.

உன் போன்ல ஒம்போது மணிக்கு அலாரம் வெச்சுட்டேன். சரி, அந்தப் பீடிக்கட்டை எடு. தலகாணிக்குக் கீழதான இருக்கு, எனக்குத் தெரியாதா? தூக்கிப் போட்டுடுவேன்னு முழிக்காதடா. எனக்கு மத்தியானமே தீந்துபோச்சு.