கேசரிப் பவுடர் வைத்தியம்

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், சித்தி கேட்பார், மறுநாள் மானாமதுரை முழுக்கத் தெரிந்துவிடும். விஷயம் கக்கூஸ் பற்றியது. அதனால்தான் கடிதம்.

பத்து நாளாக ராத்திரியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். முதல் நாள் உங்கள் மருமகள் அரைத்தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி வந்துருச்சு, குடத்தை எடுங்க" என்றாள். இங்கே வந்து ஏழு வருஷமாகிறது, வீட்டில் குடமே கிடையாது. யாரும் தொடாமலேயே கழிவறைத் தொட்டி கால் மணிக்கொரு தரம் உஸ்ஸென்று இரைந்து, நிரம்பி, அடங்கும். பேய் என்று பையன் அந்தப் பக்கமே போகவில்லை.

நம் மொட்டைமாடித் தொட்டி வழிந்தால் எதிர்வீட்டு ஆச்சி, "மோட்டாரை நிறுத்துங்கடா" என்று தெரு அதிரக் கத்துவாரே, இங்கே அந்த வசதி இல்லை. தொட்டிக்குள்ளேயே ஒரு குழாயை நட்டு வைத்திருக்கிறார்கள். மட்டம் மீறிய தண்ணீர் அதன் வழியே கமுக்கமாகச் சாக்கடைக்குப் போய்விடும். பில் வந்து கத்தினால்தான் உண்டு. இப்படி ஓடுகிற கழிவறை ஒரு நாளைக்கு 200 காலன் வரை குடிக்குமாம். சுமார் 750 லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்தில் ஐம்பது! லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு வயிறு எரியாதா? இத்தனைக்கும் ஒரு தடவைக்கு 1.6 காலனுக்கு மேல், அதாவது ஆறு லிட்டருக்கு மேல், ஊற்றும் தொட்டி செய்யக்கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்ட நாடு இது.

பிளம்பரைக் கேட்டேன். வாசற்படி மிதிக்க 150 டாலர், வேலைக்குத் தனி என்றார். மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். மறுநிமிஷம் நானே பிளம்பர் ஆனேன்.

மூடியைத் திறந்தால் எல்லாம் நமக்குத் தெரிந்த சமாசாரம்தான். (உள்ளே இருப்பது நல்ல தண்ணீர். சித்தி என்னைத் தலைமுழுகச் சொல்ல வேண்டாம்.) மேலே மிதவை. அடியில் ஓட்டையை அடைத்தபடி ஒரு ரப்பர் மூடி, ஃபிளாப்பர் என்று பேர். கைப்பிடியை அழுத்தினால் சங்கிலி ரப்பரைத் தூக்கும், தண்ணீர் கொட்டும், ரப்பர் திரும்ப விழுந்து அடைக்கும். சரியாக அடைக்காவிட்டால் கசிவு. மட்டம் இறங்க, மிதவை இறங்க, மறுபடி உஸ்.

கசிவைக் கண்டுபிடிக்கத் தொட்டியில் சாயம் கலந்து, பத்து நிமிஷம் பொறுத்துக் கீழே நிறம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வீட்டில் இருந்த ஒரே சாயம் கேசரிப் பவுடர். போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். அதற்குள் பையன் தைரியம் வந்து உள்ளே போயிருக்கிறான். "அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரே அழுகை.

ரப்பரைக் கழற்றினால் உப்பிப்போய், தொட்ட விரலெல்லாம் கறுப்பு மை. தொட்டிக்குள் போடுகிற வெளுப்பு மாத்திரைதான் காரணம், அதிலுள்ள குளோரின் ரப்பரைத் தின்றுவிடும் என்றார் கடைக்காரர். தள்ளுபடியில் அதை ஒரு டஜன் வாங்கிப் போட்டது யார் என்று மருமகள் கேட்டாள். நான் சங்கிலியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நீங்களாக இருந்தால் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து ஒரே மூச்சில் முடித்திருப்பீர்கள். நானோ கடைக்கு மூன்று நடை. இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா என்று அளக்காமல் போனது என் தப்பு. சங்கிலியை இறுக்கிக் கட்டினேன், ரப்பர் உட்கார மறுத்தது. தளர்த்தினேன், சங்கிலியே ரப்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஒருவழியாக எட்டு டாலரில் சத்தம் நின்றது.

அடுத்த தெரு மதுரைக்காரர் வீட்டிலும் இப்படித்தான் ஓடுகிறதாம். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மதியச் சாப்பாடு அங்கேயே, இனிப்புக்குக் கேசரியாம். கலர் போடாமல் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முருகேசன்