நடுவில் உட்கார்ந்தவர்

கேள்வி: ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசிப்பவருக்கு ஆயுள் முழுக்க ஒரே நாற்காலிதானா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: ஒரே நாற்காலியா! வயோலாக் கலைஞர் வில்லியம் பிரிம்ரோஸ் மாறி மாறி உட்கார்ந்த நாற்காலிகளைச் சேர்த்தால் ஒரு கல்யாணப் பந்தியே நடத்திவிடலாம்.

1904-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். வயலின்தான் கற்றார், குரு யூஜின் இசாய் சொல்லித்தான் வயோலாவுக்கு மாறினார். 1930-இல் லண்டன் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். 1937-இல் நியூயார்க்கில் இசை நடத்துநர் டாஸ்கனினிக்காகவே உருவான என்.பி.சி. சிம்பொனி. 1941-இல் அதை விட்டு, டெனர் பாடகர் ரிச்சர்ட் க்ரூக்ஸுடன் ஊர் ஊராகக் கச்சேரி.

பிறகு செய்ததுதான் பெரிய காரியம். தனிக் கச்சேரிக்கு வயோலாவில் உருப்படிகள் குறைவு. இல்லாவிட்டால் என்ன, எழுதச் சொல்லலாமே என்று இசையமைப்பாளர் பேலா பார்டோக்கிடமே போய்க் கேட்டார். பார்டோக் 1945-இல் குறிப்புகளோடு நிறுத்திவிட்டு இறந்துபோனார். நண்பர் டிபோர் ஷெர்லி அவற்றைக் கோத்து முடிக்க, 1949 டிசம்பரில் மினியாபொலிஸில் பிரிம்ரோஸே முதலில் வாசித்தார். இன்று வயோலா படிக்கும் பிள்ளைகள் அந்த உருப்படியைத் தொடாமல் தப்ப முடியாது! கடைசிக் காலத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆசிரியர்.

இன்னொன்று: இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கும் இளமையில் பிராகில் தியேட்டர் ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தவர். வயோலாக்காரர்போல் நடுவில் உட்கார்ந்தால் மேலே ஓடும் மெட்டும் கீழே நடக்கும் சுருதியும் ஒருசேரக் காதில் விழும். இசையமைப்பாளராகப் போகிறவருக்கு அதைவிட நல்ல இடம் அரங்கில் கிடையாது என்பேன்.