பானையொலி இலக்கணம்

வீட்டுக்குப் பாட்டு செட் வாங்குவோர் ஐவகையர்: வாட் பார்ப்பார், விலை பார்ப்பார், நிறம் பார்ப்பார், பார்த்துவிட்டு வாங்காது போவார், பாட்டுக் கேட்பார். கடைசி வகையினர் அரியராதலின் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

பெட்டிமேல் ஆயிரக்கணக்கில் மின்னும் பி.எம்.பி.ஓ. வாட் இடைச்செருகல், ஆர்.எம்.எஸ். ஒன்றே மூலபாடம். 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இருமடங்காகப் பட ஏறத்தாழ 100 வாட் வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு 10 வாட்டே இருமடங்கு.

ஒயர், தாமிரமாயின் அமையும்.

ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைக என்பது விதி. இரண்டும் பீரோ மேல் என்பது வழக்கு. வழக்கே வலிது.

இனிப் பானை. மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பேஸ் கூட்டிய நம் டீக்கடை மரபுக்கு ஹை-ஃபை நூலோர் அடிக்குறிப்புக்கூடத் தரவில்லை. ஸ்பீக்கரின் முன்னலையும் பின்னலையும் எதிரெதிரானவை. இடையே தடுப்பில்லையேல் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பானை பின்னலையைச் சிறைவைக்கிறது. ஆனால் அதற்கென்று பிடித்த சுருதி ஒன்றுண்டு. அது வந்தால் வீடு அதிரும், மற்றவற்றுக்குப் பாராமுகம். மிருதங்கமும் டிரம்ஸும் ஒரே 'தும்'. இதைச் சூப்பர் எஃபெக்ட் என்ப.

ஸ்பீக்கரை மல்லாக்க வைப்பதா, குப்புற வைப்பதா? இரு கலையாரும் ஒருவர் வீட்டில் மற்றவர் காப்பி குடிப்பதில்லை. மல்லாக்கக் கட்சிக்குச் சான்று: டீக்கடைக் கடன் நோட்டு, மூன்றாம் ஏடு, வடையெண்ணெய்க் கறைக்குக் கீழ். கறைக்கு மேல் என்பது பிற்காலப் பாடம். குப்புறக் கட்சியார் அதே ஏட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதால் அவர்களுக்கும் அதுவே சான்று. கறையையே நிறுத்தற்குறியாகக் கொண்டு உரை கண்டாரும் உளர். அவ்வுரைக்கு எழுந்த மறுப்பு, மறுப்பின் மறுப்பு, பின்னதன் முன்பக்கத்தில் மாமனாருக்குச் சொன்ன நன்றி ஆகியவற்றை ஈண்டு விரிப்பிற் பெருகும்.

பானையின் தோளில் ஒரு கீறல் உண்டு. எழுத்தென்பார் ஒரு பேராசிரியர், எலி என்பார் இன்னொருவர். இருவருடைய மாணவர்களுக்கும் முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. பானை இன்னும் கழுவப்படவில்லை.

எந்தப் பாட்டைக் கேட்பது என்பது ஏழாம் தொகுதியில் வரும். இரண்டு முதல் ஆறு வரை பானை மூடி.