ஆயிரத்தொன்பதும் ஆனைமங்கலமும்

பாபநாசம் வட்டாரத்தில் கடன் அட்டை என்ற பதத்துக்கு நெடுங்காலமாக ஒரே அர்த்தந்தான். 1998இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த கிசான் கடன் அட்டையே அது. அதைக் காட்டிக் குறுவைக்கோ சம்பாவுக்கோ பணம் வாங்கலாம், அறுவடையானதும் கட்டலாம், கட்டாமல் தேர்தல் வரையில் பொறுமை காத்துத் தள்ளுபடி அறிவிப்பையும் எதிர்பார்க்கலாம். ஆகையால், அயல்நாடு செல்லும் பிரயாணிகளுக்கு உபயோகமானதென்று சொல்லி வங்கிக்காரர்கள் நீட்டிய பளபளப்பான வேறொரு கடன் அட்டையை நான் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்ட சமயத்தில், உடன் வந்திருந்த பக்கத்து நிலத்துக்காரர் கேட்ட முதல் கேள்வி, இதற்குத் தள்ளுபடி உண்டா என்பதுதான். மேலாளர் சிரித்தார். அவர் சிரித்த தோரணையிலிருந்து இல்லை என்று ஊகித்துக்கொண்டோம்.

அட்டையின் முகத்தில் சுண்டுவிரல் நகத்தளவு பொன்னிறத் தகடொன்று பதித்திருந்தது. அதற்குச் சிப் என்று பெயராம். அத்துடன் நானே தேர்ந்தெடுத்து எவரிடமும் சொல்லாமல் நெஞ்சில் பூட்டி வைக்கவேண்டிய நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. அதற்குப் பின் என்று பெயராம். "கடனைப் பின்னாடி கொடுக்கிறதாலே பின்னுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. வங்கி கொடுத்த இருபது பக்கப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவான வியாக்கியானம் எங்கும் இல்லை.

எண் ஏன் நான்கு இலக்கத்தோடு நின்றது என்பதற்கு ஒரு குடும்பக் கதை இருக்கிறது. 1967ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி லண்டனுக்கு அருகில் என்ஃபீல்டு என்னுமிடத்தில் முதல் பணம் வழங்கும் இயந்திரத்தை நிறுவச்செய்த ஜான் ஷெப்பர்டு பாரன், நம் ஷில்லாங்கில் பிறந்தவர். தம் பட்டாள எண்ணைப்போல் ஆறு இலக்கம் வைக்கலாமென்று அவர் எண்ணியிருக்க, சமையலறை மேஜையில் அதைக் கேட்ட அவருடைய மனைவி, தமக்கு நான்குக்கு மேல் ஞாபகத்தில் நில்லாது என்று சொல்லிவிட்டாராம். ஷெப்பர்டு பாரனே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக அந்த அம்மாள் எங்கள் பக்கத்தில் பிறக்கவில்லை. மூன்று வருஷத்துப் பால் கணக்கையும், நாற்பது வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் யார் யார் எத்தனை ரூபாய் மொய் எழுதினார்கள் என்பதையும் ஏடு புரட்டாமல் சொல்லும் என் மனைவி அந்த மேஜையருகில் இருந்திருந்தால், நாமெல்லோரும் இன்று பதினாறு இலக்கம் அழுத்திக்கொண்டிருப்போம்.

கும்பகோணத்தில் எனக்குப் படித்த நண்பர்கள் சிலர் உண்டு. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜனின் ஞாபகார்த்தமாக அவர்கள் எல்லோருமே 1729 என்ற டாக்சி எண்ணை வைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். அந்த ஊரில் அட்டை திருடுகிறவனுக்கு வேறு கணித ஞானம் தேவையில்லை. நான் குடியானவன். முன்பு டெபிட் கார்டு வாங்கியபோதே எனக்குச் சட்டென்று தோன்றிய எண் 1009. எங்கள் ஜில்லாவில் சி.ஆர். 1009 என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொன்மணி என்று நாமகரணம் ஆகியும் எண்ணாலேயே அழைக்கப்படுகிற அந்த நெல் ஏறக்குறைய நூற்றைம்பத்தைந்து நாள் வயலில் சாவகாசமாக நின்று, மழைக்கும் தேங்கிய தண்ணீருக்கும் ஈடுகொடுத்து, இட்டிலிக்கென்றே பிறந்த பருமனான அரிசியைத் தரும். எண்ணை மறந்தால் வயலைப் பார்த்தால் போதும் என்பது என் யுக்தி. அயல்நாட்டில் வயல் இராது என்பது அப்போது உறைக்கவில்லை.

இரகசியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2013ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதியிலிருந்து, கடைகளில் டெபிட் கார்டை நீட்டுகிறவர்கள் பின் எண்ணை அழுத்தியே தீரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. சட்டம் சட்டமாகவே இருக்க, எங்கள் பக்கத்து ஜவுளிக்கடைகளில் அதற்கு வேறொரு சம்பிரதாயம் ஏற்பட்டுவிட்டது. கல்லாவில் இருப்பவர் கார்டை வாங்கிச் செருகிக்கொண்டு, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த நாற்பது பேருக்கும் கேட்கும்படி, "பின் நம்பர் சொல்லுங்க சார்" என்பார், நாமும் மரியாதைக்குக் குறைவு வராமல், "ஆயிரத்தொன்பது" என்று கணீரென்று சொல்லுவோம், அவர் அழுத்திக்கொள்வார். பெட்ரோல் பங்க்கிலும் இப்படியே. புதிய அட்டைக்கும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டேன். இவ்விதமாகச் சில வருஷங்களில் என் பரம ரகசியம் அய்யம்பேட்டையிலிருந்து கும்பகோணம் வரையில் பிரசித்தியடைந்ததே தவிர, அதை என் விரல் ஒருநாளும் அறிந்ததில்லை. எண் என் நாவில் இருந்தது, விரலில் இல்லை. பின்னால் நேர்ந்த சகல விபரீதங்களுக்கும் இதுவே மூலம்.

2022இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்குக் காத்திராமல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். குறுவை நடவு சீக்கிரம் முடிந்ததால், நெதர்லாந்தில் டெல்ஃப்டு நகரத்தில் இருக்கும் மகளைப் பார்த்துவர நானும் மனைவியும் ஜூலையில் புறப்பட்டோம். நாங்கள் ஆற்றில் தண்ணீர் வரவேண்டுமென்று ஜன்மம் முழுவதும் அண்ணாந்து நிற்கிறவர்கள். அந்நாட்டு டச்சுக்காரர்களோ வந்த தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளுவதையே நூற்றாண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவர்கள். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்தப் பச்சை வெளியையும் வாய்க்கால்களையும் ரயிலிலிருந்து பார்த்தபோது, ஒரத்தநாட்டுப் பக்கம் போவதுபோன்ற பிரமை உண்டாயிற்று. மாடுகள் மட்டும் நம் மாடுகளைவிட நன்றாகச் சாப்பிட்டிருந்தன.

முதல்நாள் மாலை கறிகாய்க் கடைக்குத் தனியாகப் போனோம். மடியில் யூரோ நோட்டுகள் பத்திரமாக இருந்தன. கல்லாவில் நின்ற பெண் என்னைப் பார்த்துப் புன்னகையோடு, "பின்னே?" என்றாள்.

நான் திடுக்கிட்டுப் போனேன். பாபநாசத்து மளிகைக்கடைக்காரர், சாமானைப் பொட்டலம் கட்டியபின், இன்னும் ஏதாவது வேண்டுமா என்பதற்குச் சொல்கிற அதே வார்த்தை, அதே ராகம்! மகிழ்ச்சி தாங்காமல், "பின்னே ஒண்ணுமில்லைம்மா, இவ்வளவுதான்" என்றேன். அவள் மறுபடியும், "பின்னே?" என்றாள். மனைவி, இவள் எந்த ஊர்ப் பெண்ணாக இருக்குமென்று என் காதில் விசாரித்தாள். பிறகுதான் தெரிந்தது: பின் எண்ணை அழுத்திப் பணம் செலுத்துவதற்கு டச்சுக்காரர்கள் தங்கள் பாஷையில் ஒரு வினைச்சொல்லே சிருஷ்டித்துக்கொண்டிருக்கிறார்கள், அதைத்தான் அவள் உச்சரித்தாள். அந்தக் கல்லாவில் அட்டை மட்டுமே செல்லும், நோட்டு செல்லாது என்று தலைக்குமேல் பலகையும் தொங்கியது.

அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, இயந்திரத்தை என் பக்கம் தள்ளினாள். சம்பிரதாயப்படி நான், "ஒன், ஜீரோ, ஜீரோ, நைன்" என்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் கூரையை ஆராய்ந்தார். ஒருவர் தக்காளியை ஆராய்ந்தார். அவை நடுவில் வேட்டி அவிழ்ந்தவனைப் பார்த்ததுபோல் அத்தனை பேரும் கண்ணியமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் இயந்திரமும் அந்த அட்டையை ஏற்கவில்லை. காய்கறியை வைத்துவிட்டு வந்தோம்.

மருமகன் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். "மாமா, வெளிநாட்டு உபயோகம் ஆஃப்ல இருக்கு." மோசடியைத் தடுப்பதற்காக, 2020 அக்டோபர் முதல் புதிதாகக் கொடுக்கும் அட்டைகளெல்லாம் நம் தேசத்துக்குள் மட்டுமே செல்லும்படி கொடுக்கப்படவேண்டும், அயல்நாட்டு மதகை வேண்டுகிறவர்கள் தாமே திறந்துகொள்ளவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், மதகைத் திறக்கும் சாவி என் கைப்பேசிக்கு வருகிற ஆறு இலக்க ஓ.டி.பி. என்பதும், அந்தக் கைப்பேசி பம்புசெட்டு மோட்டாரைப் போடுவதற்காகப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் பாபநாசத்தில் இருந்ததும் மட்டுமே சங்கடம். அவன் வரப்பில் நின்று, டிராக்டர் இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பி, ஆறு எண்களில் நாலாவதைச் சொல்வதற்குள் அவகாசம் தீர்ந்துபோகும். மூன்றாம் முறையில் மதகு திறந்தது. முறைத் தண்ணீருக்கு இராத்திரி கண்விழித்த காலங்களில்கூட நான் இவ்வளவு படபடப்பை அனுபவித்ததில்லை.

அதற்குப் பிறகும் ஒரு பொறி இருந்தது. சில கடைகளில் இயந்திரம் மிகுந்த விநயத்துடன், யூரோவில் எடுத்துக்கொள்ளட்டுமா, ரூபாயில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். தேசாபிமானத்தினால் நான் ரூபாயையே அழுத்தி வந்தேன். அந்த உபசாரத்துக்கு அவர்களே ஒரு மாற்று விகிதம் போட்டுக்கொள்கிறார்கள் என்றும், எப்போதும் அந்த ஊர் நாணயத்தையே அழுத்தவேண்டும் என்றும் மருமகன் விளக்கியபோது என் தேசாபிமானத்தின் கிரயம் பதினோரு யூரோவை எட்டியிருந்தது.

எங்கள் பிரயாணத்தில் எனக்கென்று இருந்த ஒரே அபிலாஷை, லெய்டனுக்குப் போய்ச் சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டைக் கண்ணால் பார்ப்பது. டச்சுக்காரர்கள் 1658இலிருந்து 1781 வரையில் நாகப்பட்டினத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கேயே தங்கக் காசு அச்சடித்து, துணி வாங்கிக் கப்பலேற்றினவர்கள். அவர்களிடம் நாம் அப்போது பின் எண் கேட்கவில்லை. வாங்கிய துணியோடு வாங்காத செப்பேட்டையும் கொண்டுபோய்விட்டார்கள். 1862இல் அது லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தது. மருமகன் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றிருந்தார். அவருக்கு அன்று வேலை. நாங்கள் இருவருமே புறப்பட்டோம்.

டெல்ஃப்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பதற்கு ஓர் இயந்திரம் நின்றது. மனிதரிடமானால், நான் இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தெருவில் இன்னாருக்குச் சம்பந்தி என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். எங்கள் பக்கத்தில் பாதிக் கடன் அந்தச் சம்பாஷணையிலேயே கிடைத்துவிடும். இயந்திரத்துக்குக் கோத்திரம் தெரியாது. அட்டையைச் செருகி, பழைய தேய்க்கிற அட்டையின் வழக்கப்படி உடனே உருவினேன். இயந்திரம் கோபித்துக்கொண்டது. பழைய அட்டையின் கறுப்புப் பட்டை கிளிப்பிள்ளையைப்போல் எப்போதும் சொன்னதையே சொல்லும். சிப்போ ஒவ்வொரு விற்பனைக்கும் புதுப் புதுச் சங்கேதம் கட்டி இயந்திரத்தோடு வாதம் செய்கிறது. ஆகையால் பேச்சு முடியுமட்டும் அது உள்ளேயே கிடக்கவேண்டும். வேர் பிடிக்குமுன் நாற்றைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

மறுபடி செருகினேன். "ஆயிரத்தொன்பது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். ஆயிரம் என்றால் ஒன்றும் மூன்று சுன்னமும், அப்புறம் ஒன்பது. ஐந்து இலக்கம் ஆகிவிட்டது. தவறு என்றது. இன்னும் நிதானமாக, அதே ஐந்தை அழுத்தினேன். மூன்று தவறானால் அட்டை பூட்டிக்கொள்ளும். மீதி ஒன்றே ஒன்று. எனக்குப் பின்னால் நின்ற வயோதிகர் ஒருவர் மரியாதைக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நம் ஊரில் அப்படி நின்றால் பங்காளிச் சண்டை என்று பொருள்.

மனைவி என் கையை விலக்கினாள். ஒன்று, சுன்னம், சுன்னம், ஒன்பது. டிக்கெட் விழுந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியுமே, எனக்குத் தெரியாதா?"

லெய்டனில் அந்த இருபத்தொரு செப்பேடுகளும் எங்கள் முன் வைக்கப்பட்டபோது நான் சற்று நேரம் பேசவில்லை. ஐந்து ஏடு ஸம்ஸ்கிருதம், பதினாறு ஏடு தமிழ். எல்லாவற்றையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, ராஜேந்திரனின் முத்திரை பொறித்திருந்தது. எடை ஏறக்குறைய முப்பது கிலோ. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைத் தன் இருபத்தோராவது ஆட்சியாண்டில் ராஜராஜன் எழுதிவைத்த விவரம் அதில் இருக்கிறது. சக்கரவர்த்தி வாய்திறந்து ஆக்ஞையிட்டால் போதுமென்று நான் நினைத்திருந்தேன். போதாதாம். சொன்னதை ஒருவர் ஓலையில் எழுதி, ஒருவர் ஒப்பிட்டு, வரிக்கணக்கில் ஒருவர் பதிந்து, அதிகாரிகள் கூட்டமாகக் கையெழுத்திட்டு, அதன்பின் ஒரு பெண் யானையை ஊர் எல்லை நெடுகச் சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்ட பிறகே கொடை செல்லுபடியாகும். அதையும் செம்பில் வெட்டுவித்தது, தகப்பனார் காலமானபின் மகன் ராஜேந்திரன். உலகத்தை ஆண்டவருக்கே இத்தனை பரிசோதனை என்றால், டெல்ஃப்டு ரயில் நிலையத்து இயந்திரத்தின்மேல் எனக்கிருந்த வருத்தம் கொஞ்சம் தணிந்தது. அங்கே யானையாவது கேட்கவில்லை.

மனைவிக்கு யானையில் சிரத்தை இல்லை. "மொத்தம் எவ்வளவு நெல்லுங்க?" என்றாள். மருமகன் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு வேலிச் சொச்சத்துக்கு 8943 கலம், இருதூணி, ஒரு குறுணி, ஒரு நாழி. அவள் விரல்விட்டு எண்ணினாள். "மூட்டைக்கு ரெண்டு கலம்னா வேலிக்கு நாற்பத்தாறு மூட்டை. வரியே இவ்வளவா? குத்தகைக்காரன் எதைத் தின்னான்?" அந்தக் காலத்துக் கலம் வேறாக இருக்கலாம் என்று சோழருக்காக நான் சமாதானம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம், எண்ணை மாற்றிவிடும்படி மகள் ஆணையிட்டிருந்ததால், வங்கி வாசலில் இருக்கும் இயந்திரத்துக்குப் போனேன். புதிய நான்கு இலக்கத்தைக் கேட்டது. இந்தத் தடவை நாவால் அல்ல, விரலாலேயே என்று சங்கல்பம் செய்துகொண்டு, டச்சுக்காரர்களைப்போல் முதுகைத் திருப்பி நிற்கும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் தட்டாமல் வீதியைப் பார்த்து நின்றாள். நான் எட்டை அழுத்திவிட்டு, அடுத்த இலக்கத்துக்கு விரலை நகர்த்தினேன்.

"ஏங்க, கலம் சரி," என்றாள் அவள், வீதியைப் பார்த்தபடியே. "அந்த இருதூணிக் குறுணியை எங்கே போடுவீங்க?"